வானொலி முதல் கைப்பேசி வரை

இளைஞர் நாட்டம் செல்லும் திசையிலேயே மொழியின் வருங்காலமும் செல்கிறது. நம் நாட்டு ஒலிபரப்பு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1952-ஆம் ஆண்டில் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கும் என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடம் சுருங்கிற்று. இளைஞர் பாட்டுக் கேட்பதை விட்டனரா? இல்லை, வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு சிற்றலை வழியே இந்தியா எங்கும் கேட்டது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' பெரும்புகழ் பெற்றது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் 'விவித பாரதி' பிறந்தது. அரசு வானொலியிலேயே திரைப்பாடல் உரிய இடம் பெற்றது. தடையால் ஆகாதது, தக்கதொரு மாற்றால் ஆயிற்று.

அந்நாளில் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ் இல்லங்களைத் தாயகத்தோடு பிணைத்த மற்றொன்று, அஞ்சலில் வந்த வார இதழ். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தது. அக்கதையைத் தாமே சுவைக்க விரும்பிய இளைஞர் தமிழ் எழுத்தை அறிந்தே ஆக வேண்டும்.

பின்னர்க் காட்சியின் காலம் வந்தது. தில்லியில் 1959-லும் சென்னையில் 1975-லும் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1993-இல் சன் தொலைக்காட்சி தோன்றியபின், தொலைவில் வாழும் தமிழர் வீட்டிலும் தமிழ்க்குரல் நாள்தோறும் ஒலித்தது. ஆயினும் அது செவிக்குரிய தமிழ். எழுத்தறியாமலும் அதனைத் துய்க்கலாம்.

1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் இணையம் இந்தியப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. 1999-இல் தமிழ்நாட்டு அரசு தமிழ் விசைப்பலகைக்குத் தரம் வகுத்தது. 2016-க்குப்பின் இணையச் செலவு பெரிதும் குறைந்து, கைப்பேசி ஒவ்வோர் இளைஞர் கையிலும் ஏறியது. வீட்டார் கூடிக் கேட்ட ஒரே பெட்டி போய், ஆளுக்கொரு திரை வந்தது.

இங்கேதான் நம் கவலை பிறக்கிறது. சங்க நூல்கள் உள்ளங்கையில் கிடைக்கும் இந்நாளில், நம் குடியிருப்புப் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுகின்றனர். ஆனால் படிக்க இயலவில்லை. "அம்மா, சாப்பிட்டாயா" என்பதையும் ஆங்கில எழுத்திலேயே அனுப்புகின்றனர்.

கைப்பேசியைப் பறிப்பதால் பயனில்லை. 1952-ஆம் ஆண்டின் பாடம் அதுவே. அக்கருவியிலேயே தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுப்போம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இவற்றோடு உயிர்மெய்க் குறிகளையும் கற்றால் 247 எழுத்தும் வசமாகும். குடும்பத்தாருக்குள் அனுப்பும் செய்திகளைப் பெற்றோராகிய நாமே முதலில் தமிழ் எழுத்தில் எழுதுவோம். விடை தமிழில் வரும் நாளில், நம் வீட்டுக்கொரு விவித பாரதி பிறந்ததாகக் கொள்ளலாம்.