லைட் மை ஃபயர்: ஆர்கன் சோலோவை மனப்பாடம் செய்யலாமா?

தி டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' பாட்டு இரண்டு அளவில் கிடைக்கும். ஒன்று மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இன்னொன்று ஏழு நிமிடம் ஓடும். சின்னதை மட்டும் கேட்டவர்கள் "நல்ல பாட்டுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பெரியதைக் கேட்டவர்கள்தான் கீபோர்டு வாங்குகிறார்கள். நான் இரண்டாவது கோஷ்டி.

கவர் பேண்ட் என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு: அடுத்தவர் பாட்டை மேடையில் வாசிக்கும் குழு. நம்ம ஊர் லைட் மியூசிக் ட்ரூப் மாதிரிதான், பாட்டுதான் வேறு. ட்ரூப்புக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு எது? "ரெக்கார்டுல கேட்ட மாதிரியே இருந்துச்சு!" எங்கள் பேண்டின் கிட்டாரிஸ்டும் இதே கட்சி. ஆர்கன் சோலோவை (பாட்டுக்கு நடுவில் பாடகர் வாயை மூடிக்கொள்ள, ஒரு வாத்தியம் மட்டும் தனியாக விளையாடும் இடம்) ஒரு சுரம் பிசகாமல் ஈயடிச்சான் காப்பி அடிக்க வேண்டும் என்கிறான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லப்போனால் 1960களுக்குப் போக வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆர்கனை வாசித்தவர் ரே மன்ஸாரெக். 1939ல் சிகாகோவில் பிறந்தவர். படித்தது என்ன தெரியுமா? அதே ஊரில் டிபால் பல்கலைக்கழகத்தின் வணிகவியல் கல்லூரியில் பொருளாதாரப் பட்டம்! நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்! (பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாமல் முழிக்கும் சக தோழர்கள் கவனிக்க, வேறு வழியும் இருக்கிறது.) பிறகு சினிமா படிக்க லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அங்கேதான் ஜிம் மாரிஸனைப் பார்த்தார். ட்ரம்ஸ் ஜான் டென்ஸ்மோரும் கிட்டார் ராபி க்ரீகரும் வந்து சேர்ந்தது மகரிஷி மகேஷ் யோகியின் தியான வகுப்புப் பழக்கத்தில்.

இந்தக் குழுவில் ஒரு குறை. பேஸ் கிட்டார் வாசிக்க நிரந்தர ஆள் கிடையாது. அதனால் மேடையில் அந்த வேலையும் மன்ஸாரெக் தலையில் விழுந்தது. ஆர்கன் மேலே ஃபெண்டர் கம்பெனியின் 32 கட்டை கொண்ட குட்டி பியானோ பேஸை வைத்து இடது கையால் பேஸ், வலது கையால் ஆர்கன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். (ஸ்டுடியோ ரெக்கார்டிங்கில் லேரி நெக்டெல் என்பவர் பேஸ் கிட்டார் சேர்த்து வாசித்திருக்கிறார். கவர்களில் அவர் பெயரைத் தேடாதீர்கள்.)

ஆர்கன்காரரே பேஸையும் பார்த்துக்கொள்வது புதுசு இல்லை. 1935ல் சிகாகோவில் லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர் மின்சார ஆர்கன் விற்க ஆரம்பித்தார். அடிப்படையில் கடிகாரம் செய்பவர். கடிகார மோட்டார் சுழலும் அதே சீரான வேகத்தில் பல் சக்கரங்களைச் சுழலவிட்டுச் சுரம் உண்டாக்கினார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களில் இது நன்றாகப் போணி ஆனது. தேவாலயத்தில் இருந்து ஜாஸுக்கு வந்தது. 1956ல் இருந்து ஜிம்மி ஸ்மித் ஹாமண்டில் அதகளம் பண்ணினார். இடது கையும் கால் பெடலும் பேஸ், வலது கை சோலோ. பேஸ் வாசிப்பவர் இல்லாமலே மூன்று பேர் கச்சேரியை முடித்துவிடலாம்.

ஆனால் ஹாமண்ட் பி-3ஐத் தூக்க நாலு ஆள் வேண்டும். பெடல், பெஞ்ச் எல்லாம் சேர்த்து 190 கிலோ வரும். வாரம் ஒரு க்ளப்பில் வாசிக்கும் பையன்களுக்குக் கட்டுப்படியாகுமா? 1962ல் இங்கிலாந்தில் வாக்ஸ் கான்டினென்டல் என்று ட்ரான்ஸிஸ்டர் ஆர்கன் வந்தது. காலைக் கழற்றி மடக்கிக் காரில் போட்டுக்கொண்டு போகலாம். கட்டைகளின் நிறம் தலைகீழ், வெள்ளை இருக்கும் இடத்தில் கறுப்பு, கறுப்பு இருக்கும் இடத்தில் வெள்ளை. 1965ல் பீட்டில்ஸின் ஷியா ஸ்டேடியம் கச்சேரியில் ஜான் லெனான் முழங்கையால் தேய்த்துத் தேய்த்து வாசித்தது இந்த வாத்தியத்தைத்தான். சத்தம் ஹாமண்ட் மாதிரி கனமாக இருக்காது. கொஞ்சம் கீச்சென்று, எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி. மன்ஸாரெக் வைத்திருந்தது இது.

சரி, பாட்டுக்கு வருவோம். பெரும்பகுதி க்ரீகர் எழுதியது, அவருடைய முதல் பாட்டு. அவர் கொண்டுவந்தபோது தொடக்க இசை கிடையாது. மற்ற மூவரையும் கடற்கரைக்குப் போய் உலாவிவிட்டு வரச் சொல்லிவிட்டு, தான் மட்டும் உட்கார்ந்து அதைச் செய்ததாக மன்ஸாரெக் பேட்டியில் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் பியானோ வகுப்பில் படித்த பாக் அப்போது கைகொடுத்தாராம். ட்ரம்ஸில் ஒரே ஒரு அடி, உடனே ஆர்கன் சரசரவென்று சுழன்று இறங்கும். கார்ட்கள் ஜி, டி, எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், கடைசியில் ஏ. எஃப்பில் இருந்து பார்த்தால் வரிசையாக ஸவில் இருந்து மவுக்குத் தாவுகிற அதே தூரம். இது யோசித்துச் செய்த கட்டுமானம். கீர்த்தனை மாதிரி. இதை மாற்றி வாசித்தால் பாட்டே அடையாளம் தெரியாது. இந்த இடத்தில் கிட்டாரிஸ்ட் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் சோலோ அப்படி இல்லை. அதற்கு மூலம் எங்கே என்பதையும் மன்ஸாரெக்கே சொல்லியிருக்கிறார்: ஜான் கோல்ட்ரேன். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்ற மேடை நாடகம் 1959ல் வந்தது. அதில் 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்று ஒரு சமத்துப் பாட்டு. மறுவருடம் கோல்ட்ரேன் அதை எடுத்து சாக்ஸபோனில் 13 நிமிடத்துக்கும் மேல் இழுத்தார். எப்படி? மெலடியைக் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, பியானோவில் மெக்காய் டைனர் இரண்டே கார்ட்களை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்க, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கற்பனை பண்ணினார். டோர்ஸ் அந்த மூன்று எண்ணிக்கையை நான்காக்கி, ஏ மைனர், பி மைனர் என்று இரண்டு கார்ட்களில் ஊஞ்சல் கட்டினார்கள். அதாவது, நாங்கள் அப்படியே காப்பி அடிக்க வேண்டும் என்று சொல்லப்படும் இந்த சோலோவே, கோல்ட்ரேன் செய்த ஒரு 'கவர்' பாட்டுக்குப் பிறந்த பிள்ளை!

இரண்டு கார்ட் ஏன் வசதி என்றால், இடது கை விஷயம் நினைவிருக்கிறதா? கார்ட் ஓயாமல் மாறினால் பேஸுக்கும் சோலோவுக்கும் ஒரே மூளை போதாது. இரண்டே கார்ட் என்றால் இடது கை செக்குமாடு மாதிரி தானாகச் சுற்றும். மூளை முழுக்க வலது கைக்கு. ஆள் பற்றாக்குறையில் பிறந்த ஸ்டைல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நம்ம சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பாட்டின் சரணத்தில் ஏ மைனரும் எஃப் ஷார்ப் மைனரும் வருகின்றன. காந்தாரம் இரண்டும் வந்துவிடும், ஒரு ராகத்தில் நிலையாக உட்கார முடியாது. சோலோ தொடங்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்துபோகிறது. ஏ மைனர், பி மைனர் இரண்டுக்கும் பொதுவாக ஏயை ஸட்ஜமாக வைத்துச் சுரங்களை எழுதிப் பாருங்கள்: ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி. அச்சு அசல் கரகரப்ரியா! மேற்கே டோரியன் என்பார்கள். இதில் பியையும் எஃப் ஷார்ப்பையும் எடுத்துவிட்டால் சுத்த தன்யாசியின் ஐந்து சுரம்.

நான் பயிற்சி செய்வது இப்படித்தான். இடது கை இரண்டு கார்டைக் கால் மணி நேரம் சும்மா சுற்றும். வலது கை அந்த ஐந்து சுரத்தை விட்டு வெளியே போகாது. நாலைந்து சுரத்தில் ஒரு சின்னச் சொல், திரும்ப அதே சொல், மூன்றாம் தடவை வால் மட்டும் மாறும். கல்பனாஸ்வரம் பாடுகிறவர்கள் செய்வதும் இதுதானே? கை பழகிய பிறகு, கீழே பி மைனர் வரும் நேரம் பார்த்து எஃப் ஷார்ப்பைத் தொடுவது. அந்த ஒரு சுரத்தில்தான் சோலோவின் நிறமே மாறுகிறது, முயன்று பாருங்கள். இன்னொரு விஷயம், ஆர்கனில் ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம்தான், ஹார்மோனியக் கட்டை மாதிரி. அதனால் கீபோர்டில் டச் சென்ஸிடிவிட்டியை ஆஃப் செய்துவிட வேண்டும், சஸ்டெய்ன் பெடலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும். சத்தத்தால் உணர்ச்சி காட்ட முடியாது என்றால் மிச்சம் இருப்பது தாளமும் இடைவெளியும்தான். விரலைத் தூக்கத் தெரிந்தவன்தான் ஆர்கன் வாசிக்கத் தெரிந்தவன்.

ரெக்கார்டோடு சேர்ந்து வாசித்துப் பழகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாட்டைப் பதிவு செய்தது 1966 ஆகஸ்டில், ஹாலிவுட்டின் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில். எல்.பி. ஆல்பம் 1967 ஜனவரியில் வந்தது. அந்த எல்.பி.யில் பாட்டு ஏறக்குறைய 3.5 சதவீதம் மெதுவாக ஓடுகிறது! சுருதி ஏவுக்கும் ஏ ஃப்ளாட்டுக்கும் நடுவே திரிசங்கு சொர்க்கத்தில் தொங்குகிறது. நாற்பது வருடம் கழித்து, சவுண்ட் இன்ஜினியர் ப்ரூஸ் போட்னிக்குக்கு ஒரு பேராசிரியர் இதை எடுத்துச் சொன்னார். 2006ல் வந்த மறுபதிப்பில்தான் சரி செய்தார்கள். அதுவரை சரியான வேகத்தில் கிடைத்தது ரேடியோவுக்காக வந்த சிங்கிள் மட்டும். அதில் தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட் சோலோக்களைக் கிட்டத்தட்ட முழுசாக வெட்டிவிட்டார். ரேடியோவில் ஏழு நிமிடப் பாட்டைப் போட மாட்டார்களே. வெட்டிய பாட்டு 1967 ஜூலை கடைசியில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்து மூன்று வாரம் அங்கேயே இருந்தது. ஆக, சுருதி சரியாக இருந்த ரெக்கார்டில் சோலோ இல்லை, சோலோ இருந்த ரெக்கார்டில் சுருதி இல்லை. "ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே" என்றால் எந்த ரெக்கார்டு என்று கிட்டாரிஸ்டைக் கேட்டேன். ஆசாமி கொஞ்சம் யோசித்தான்.

மறுவருடமே ஹோஸே ஃபெலிசியானோ இந்தப் பாட்டைத் தன் போக்கில் நிதானமாக, லத்தீன் சாயலில் பாடினார். மன்ஸாரெக்கின் ஆர்கன் தொடக்கம் அதில் இல்லவே இல்லை. அதுவும் பெரிய ஹிட்.

ஆனால் எல்லா ஆர்கன் பாட்டுக்கும் இந்தச் சுதந்திரம் பொருந்தாது. அதே 1967ல் வந்த ப்ரோகல் ஹாரமின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' நல்ல உதாரணம். அதில் மேத்யூ ஃபிஷர் வாசித்த ஹாமண்ட் ஆர்கன் வரி இல்லாமல் பாட்டே இல்லை. ஆனால் பாட்டுக்கு உரிமையாளர்களாகப் பதிவானது கேரி ப்ரூக்கரும் கீத் ரீடும் மட்டும். 2005ல் ஃபிஷர் வழக்குப் போட்டார். 2006ல் லண்டன் உயர் நீதிமன்றம் இசையில் 40 சதவீதம் அவருக்கு என்றது. 2008ல் அப்பீலில் "பங்களிப்பு உண்மைதான், ஆனால் இவ்வளவு தாமதமாக வந்தால் பணம் கிடையாது" என்றார்கள். 2009ல் பிரபுக்கள் சபை ஃபிஷர் பக்கம் தீர்ப்பு சொன்னது. காப்பிரைட் பாடத்துக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி எனக்குத் தெரியாது. அந்த வரி ஒரு இயற்றல், பாட்டின் எலும்பு என்பதால்தான் அதற்குப் பங்கு கேட்க முடிந்தது. அதை வாசித்தால் ஃபிஷர் வாசித்தபடிதான் வாசிக்க வேண்டும் என்பேன். டோர்ஸில் இந்தப் பஞ்சாயத்தே வரவில்லை. க்ரீகர் எழுதிய பாட்டாக இருந்தாலும் ஆல்பத்தில் பெயர் 'தி டோர்ஸ்' என்றுதான் இருக்கும், வருமானம் நாலு பேருக்கும் சமம்.

மன்ஸாரெக்கே தன் சோலோவை மனப்பாடமாக வாசித்தாரா என்று கேட்டால், 2008ல் வெளியான 'லைவ் அட் தி மேட்ரிக்ஸ்' ஆல்பத்தைக் கேளுங்கள். 1967 மார்ச்சில் சான் ஃப்ரான்சிஸ்கோவின் ஒரு சின்ன க்ளப்பில் பதிவானது. பாட்டு இன்னும் ஹிட் ஆகாத நேரம். தொடக்கம் அட்சரம் பிசகாமல் அதேதான். சோலோ வேறு. அதே கரகரப்ரியா, அதே ஊஞ்சல், ஆனால் வேறு சொற்கள்.

மாரிஸன் 1971ல் இறந்துபோனார். 2002ல் மன்ஸாரெக்கும் க்ரீகரும் வேறு பாடகரை வைத்துக்கொண்டு டோர்ஸ் பெயரோடு திரும்ப மேடை ஏறினார்கள். டென்ஸ்மோரும் மாரிஸன் குடும்பமும் கோர்ட்டுக்குப் போய், 2005ல் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். தடை பெயருக்குத்தான், பாட்டுக்கு இல்லை. பேனரில் வேறு பெயரை எழுதிக்கொண்டு, தன் பாட்டுக்குத் தானே கவர் பேண்ட் மாதிரி, 2013ல் இறக்கும்வரை மன்ஸாரெக் அந்த இரண்டு கார்டின் மேல் ஏறி விளையாடிக்கொண்டுதான் இருந்தார்.