பிடியரிசியும் பொதுப் பள்ளிக்கூடமும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். ராஜா, கோட்டை, போர் என்று எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவீங்க. ஆகவே கோயிலும் சங்கமும் உறவின்முறையும் ஓர் ஊரை எப்படிச் சேர்த்துப் பிடிக்கின்றன, எங்கே பிரித்து வைக்கின்றன என்பதை விருதுநகரை வைத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். நம்முடையதும் ஒரு சங்கம்தானே!

19-ஆம் நூற்றாண்டில் விருதுநகருக்கு விருதுபட்டி என்று பெயர். தெற்கே பனங்காட்டுச் சீமையிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வணிகத்துக்கு வந்த நாடார்கள் சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், விருதுபட்டி போன்ற ஊர்களில் குடியேறினார்கள். வழியெல்லாம் கள்ளர் பயம். மாடும் வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்க, சுவர் எழுப்பிய பேட்டைகளைக் கட்டினார்கள். அதற்காக வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஒவ்வொருவரும் பொதுவில் போட்டார்கள். அதுதான் மகமை. அதை நிர்வகித்தது உறவின்முறை. கிணறு, அம்மன் கோயில், திருவிழா எல்லாவற்றுக்கும் அந்தப் பொதுப் பணம் கைகொடுத்தது. சாமி காரியமும் வியாபாரக் காரியமும் ஒன்றுக்கொன்று துணையாக நடந்தன.

இதை ஒற்றுமை என்று புகழலாம். புகழத்தான் வேண்டும். ஆனால் ஒற்றுமைக்கும் சுவர் உண்டு. பணம் சேர்ந்த பிறகும் பெரிய கோயில்களின் வாசல் இவர்களுக்குத் திறக்கவில்லை. 1897-இல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. அதற்கு முன்பே, 1899-இல், கோயில் நுழைவுத் தகராறு முற்றிச் சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. தத்தம் சாதிக்குள் இறுக்கமாகச் சேர்ந்திருந்த கூட்டங்கள் ஒரே கோயில் வாசலில் எதிரும் புதிருமாக நின்றன. பக்தி எல்லோரிடமும் இருந்தது. அது மட்டுமே ஊரைச் சேர்த்து வைக்கப் போதவில்லை.

இந்தக் காலத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு காரியமும் நடந்தது. 1880-களில் மகமைப் பணத்தில் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலா தொடங்கப்பட்டது. அடுப்பில் உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அப்படிச் சேர்ந்த அரிசி பள்ளிக்குப் போகும். அதனால் அதற்குப் ‘பிடியரிசிப் பள்ளிக்கூடம்’ என்றே பேர். பெயரில் ‘க்ஷத்திரிய’ என்ற சாதிப் பெருமை இருந்தது நிஜம். ஆனால் வாசல் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. கோயில் வாசல் மூடப்பட்ட ஒரு சமூகம் பள்ளிக்கூட வாசலைத் திறந்து வைத்தது என்பதை இளைய மாணவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அங்கே படித்து, ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்ட ஒரு பையனை உங்களுக்குத் தெரியும். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராஜர்தான் அவர். 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் முதலில் ஊர்மக்கள் கொடுத்த தானியத்தையும் காசையும் நம்பித்தான் நடந்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என்று மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு தெருவின் பிடியரிசிப் பழக்கம் மாகாணம் முழுக்கப் பரவியதுபோல எனக்குத் தோன்றும்.

கடவுள் பெயரைச் சொல்லாத இயக்கங்களின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. 1931-இல் சுயமரியாதை மாகாண மாநாடு விருதுநகரில்தான் கூடியது. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார், நாடார் மகாஜன சங்கத்திலும் தலைவர். அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். தன் சாதிக்குக் கேட்ட உரிமையைத் தனக்கும் கீழே வைக்கப்பட்டவனுக்கும் கேட்டார். 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் அழைத்துச் சென்ற சிறு குழுவில், தாழ்த்தப்பட்ட வகுப்பினரோடு விருதுநகர் நாடார் ஒருவரும் இருந்தார். பக்தர் ஒரு பக்கம், பகுத்தறிவாளர் ஒரு பக்கம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். பூட்டிய வாசலைத் திறக்கும் வேலையில் இரண்டு பக்கத்தாரும் கை வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். ஒரு சங்கம் மதச் சங்கமா, பொதுச் சங்கமா என்று கேட்பதை விட, அதன் பானையில் வேற்றாள் பிள்ளைக்கும் சோறு உண்டா என்று கேட்க வேண்டும்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. கயிறும் ஒருவகைச் சேர்க்கைதான். யாரை வெளியே நிறுத்துகிறது என்பதில்தான் விஷமே இருக்கிறது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஏழை மாணவர்களுக்கு நாம் உதவி செய்யும்போது எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்க வேண்டாம். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதிக்கும் பிள்ளைக்கு முதல் இடம் கொடுங்கள். பெரிய தொகை முடியாதவர்கள் மாதம் ஒரு சின்னத் தொகை கொடுத்தால் போதும். அன்று அந்தப் பெண்கள் கொடுத்ததும் ஆளுக்கு ஒரு பிடிதான்.