சொருகுவதற்கு முன் ஒரு நிமிஷம்

மலருக்கு ஏதாவது எழுதுடா என்று நண்பர்கள் கேட்டபோது ஹாஸ்டல் கலாட்டாக்களைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் மரக்காணத்தில் நான் பட்ட அவமானம்தான் முந்திக்கொண்டு வருகிறது. தம்பி தங்கைகளுக்கு உதவட்டும்.

சில வருஷங்களுக்கு முன், உப்பளப் பாத்தி நீரின் வெப்பத்தைக் குறித்துவைக்கும் சிறு கருவி ஒன்றை அங்கே வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பதிவை எடுக்கப் போனேன். நம்ம லேபில் படித்த பாடம் நினைவில் இருந்தது: ஆஃப் பண்ணிவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும். அதன்படி கருவியின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பிலிருந்து யு.எஸ்.பி. மாற்றியின் ஒயரைச் சொருகினேன். கருவியில் விளக்கு மங்கலாக எரிந்தது!

பக்கத்தில் வரப்பில் நின்ற பெரியவர் கேட்டார்: "பேட்டரியை எடுத்துட்டீங்களே சார், அப்புறம் எப்படி எரியுது?"

பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. தகவல் கம்பி சும்மா இருக்கும்போதும் அதில் 3.3 வோல்ட் நிற்கும். அது சிப்பின் காலில் உள்ள பாதுகாப்பு டையோடு வழியாகப் புகுந்து, பின்வாசல் வழியே மின்சாரம் கொடுத்துவிட்டது. சாகவும் இல்லை, விழிக்கவும் இல்லை. அந்த அரைமயக்கத்தில் சிப் நினைவகத்தில் குப்பையை எழுதித் தள்ளியது. மூன்று வார உழைப்பு போச்சு.

லேப் பாடம் தப்பில்லை. அது பாரலல் போர்ட் காலத்துப் பாடம்; *இரண்டு* பக்கமும் ஆஃப் என்பதுதான் அதன் பொருள். நான் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தொல்லையை ஒழிக்கப் பிறந்ததுதான் யு.எஸ்.பி. 1994-ல் ஏழு கம்பெனிகள் கூடித் தொடங்கிய வேலை. இன்டெலில் அதை முன்னின்று நடத்திய அஜய் பட், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்து மாணவர். முதல் விதிமுறை 1996 ஜனவரியில் வந்தது. பழைய தட்டையான பிளக்கை உற்றுப் பாருங்கள்: ஓரத்து இரண்டு தகடுகள் நடு இரண்டைவிடச் சுமார் 1 மி.மீ. நீளம். மின்சாரமும் கிரவுண்டும் முதலில் சேரும், தகவல் பிறகுதான். சொருகிய கருவி முதலில் 100 மில்லி ஆம்பியருக்குமேல் கேட்கக்கூடாது; கணினி சம்மதித்த பிறகே 500. தனி மின்சாரம் உள்ள கருவியானாலும், கணினியின் 5 வோல்ட் வராமல் தகவல் கம்பியை உயர்த்தக்கூடாது. இத்தனை இருந்தும் 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸ் மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, ஸ்கேனரைச் சொருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டியது. என் அவமானத்துக்கு அது ஓர் ஆறுதல்!

2014-ல் வந்த டைப்-சி இன்னும் உஷார். எதிரே 5.1 கிலோ ஓம் மின்தடை தெரியும்வரை கணினி 5 வோல்ட்டைத் திறப்பதே இல்லை.

என் கருவியின் தகவல் கம்பியில் இப்போது ஒரு மின்தடையும், கருவிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் கம்பியைத் துண்டிக்கும் ஒரு பஃபர் சிப்பும் உண்டு. சொருகும் முன் சாக்கெட்டில் படிந்த உப்பைத் துடைப்பது தனி வேலை. அடுத்த முறை போனபோது விளக்கு எரியவில்லை. பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "இப்ப கெட்டுப்போச்சா சார்?" என்றார்.