டேக்குகளை மறைத்த எடிட்டர்கள்

விமானம், போர்க்கப்பல் முதலியவற்றின் பராமரிப்புக் கையேடுகளைப் போன்ற பிரம்மாண்டமான தொழில்நுட்ப நூல்களில், எழுதப்பட்ட விஷயம் வேறு, அது தாளில் பெறும் தோற்றம் வேறு என்று இரண்டையும் பிரித்து வைக்க வேண்டுமென்ற கொள்கையை, 1967-இல் கனடா அரசாங்க அச்சகத்தில் கூடிய ஒரு கூட்டத்தில் வில்லியம் டன்னிக்ளிஃப் என்பவர் எடுத்துரைத்தார். இரண்டாண்டுகள் கழித்து, வக்கீல் தொழிலிலிருந்து ஐ.பி.எம். நிறுவனத்துக்கு வந்திருந்த சார்லஸ் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற சகாக்களுடன் சேர்ந்து ஜி.எம்.எல். என்னும் குறிமொழியை உருவாக்கினார். அதன் வாரிசான எஸ்.ஜி.எம்.எல். 1986-இல் சர்வதேசத் தரமாக அங்கீகாரம் பெற்றதும், அமெரிக்க ராணுவ இலாகா கையேடுகளை அம்மொழியிலேயே கேட்கத் தலைப்பட்டது.

சாஸ்திரம் சரிதான், எழுதுகிறவர் பாடுதான் திண்டாட்டமாயிற்று. 1974-இல் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த பிராவோ என்ற எடிட்டர் மென்பொருளின் வழிவந்தவை, அச்சில் வரும் பக்கத்தையே திரையிலும் காட்டி உலகத்தைப் பழக்கிவிட்டிருக்க, எந்தக் கையேட்டு எழுத்தாளர்தான், பத்தி, தலைப்பு போன்ற ஒவ்வோர் உறுப்பின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் டேக்குகள் என்ற கோணக்குறிகளின் காட்டுக்குள் மனமுவந்து பிரவேசிப்பார்? ஆகவே டொரொன்டோவின் சாஃப்ட்குவாட், மிச்சிகன் மாகாணத்து ஆர்பர்டெக்ஸ்ட் போன்ற நிறுவனங்கள், டேக்குகளைச் சிறு சின்னங்களாகச் சுருக்கியோ அறவே மறைத்தோ காட்டும் எடிட்டர்களைச் செய்தன. அடோபி 1995-இல் விலைக்கு வாங்கிய ஃபிரேம்மேக்கரோ, கர்ஸர் நிற்குமிடத்தில் எந்த உறுப்பு வரலாம் என்று தனி ஜன்னலில் பட்டியலிட்டு, விதி மீறப்பட்ட இடத்தை மற்றொரு ஜன்னலில் சிவப்பாகக் காட்டியது.

ஆனால் மறைப்பதில்தான் ஒரு சங்கடம் ஒளிந்திருந்தது. 'மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே மூடியைத் திறக்கவும்' என்ற வாக்கியம், எச்சரிக்கை என்னும் உறுப்புக்குள் ஒரு பத்தியாகவும், அந்த எச்சரிக்கை ஒரு செய்முறைப் படிக்குள்ளும் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் கர்ஸர் பத்திக்குள் நிற்கிறதா, பத்தி முடிந்து எச்சரிக்கைக்குள் நிற்கிறதா, அதையும் கடந்து படிக்குள் நிற்கிறதா? மூன்றும் வெவ்வேறு இடங்கள். டேக் மறைந்த திரையிலோ மூன்றும் ஏறக்குறைய ஒரே புள்ளி. எழுதுகிறவர் என்டர் விசையைத் தட்டினால் புதிய பத்தி பிறக்குமா, புதிய படி பிறக்குமா என்பதை எடிட்டர்தான் தீர்மானிக்கும். அந்தத் தீர்மானம் எப்போதும் எழுதுகிறவரின் உத்தேசத்துக்கு இசைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஈமாக்ஸ் என்ற வெறும் எழுத்து எடிட்டரில் நிர்வாணமான டேக்குகளோடு மல்லாடியவர்களுக்கு இந்தக் குழப்பம் மட்டும் இல்லை!

எஸ்.ஜி.எம்.எல்.-இன் எளிய வடிவமான எக்ஸ்.எம்.எல். 1998-இல் வந்த பிறகு, சாஃப்ட்குவாட் மறு வருஷமே வெளியிட்ட எக்ஸ்மெட்டல், டேக் தெரியாத காட்சி, தெரியும் காட்சி, வெறும் எழுத்து என்று மூன்றையும் ஒரே எடிட்டரில் அளித்தது. ருமேனியாவின் கிரயோவா நகரில் தோன்றிய ஆக்ஸிஜன் என்ற எடிட்டர், டேக்குகளை முழுவதும் காட்டுவதா, ஓரளவு காட்டுவதா, காட்டாமலே விடுவதா என்று பல படிகளில் தேர்ந்துகொள்ள வசதி செய்தது. என் அபிப்பிராயத்தில், எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகியை மயக்குவது டேக் தெரியாத திரை. அதை வைத்துக்கொண்டு அன்றாடம் எழுதுகிறவருக்கு உதவுவது, வேண்டும்போது டேக்கைக் காட்டும் அந்த ஒரு பொத்தான்.