ஊர் போனது, நஞ்சு நின்றது

1940 அக்டோபர். அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து மேற்கே முப்பது மைல். ஹாம்பர்க், ஹோவல், டூனர்வில் என்ற மூன்று சிற்றூர்களின் மக்கள் காதில் ஒரு செய்தி இடியாய் இறங்கியது. வெடிமருந்து ஆலை கட்ட 17,232 ஏக்கர் வேண்டுமாம். எல்லாரும் காலி செய்ய வேண்டுமாம்.

அமெரிக்கா அப்போது இரண்டாம் உலகப் போரில் இறங்கியிருக்கவே இல்லை.

தலைமுறை தலைமுறையாக உழுத நிலம். பேசிய விலைக்கு ஒப்பந்தம் எழுதி, மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. பிறகு, விலை அதிகம் என்று சொல்லி அரசு கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தபோது ஆண்டு 1945. நிலத்தை இழந்தவன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்ற வாசலில் நின்றான் என்பதைப் போர் வெற்றியின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

அங்கே எழுந்ததுதான் வெல்டன் ஸ்பிரிங் வெடிமருந்து ஆலை. அட்லஸ் பவுடர் கம்பெனி நடத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். 1941 முதல் 1945 வரை டி.என்.டி. என்ற வெடிமருந்தும் அதற்கு உறவான டைநைட்ரோடொலுயீனும் வெளிவந்தன.

டொலுயீன் என்ற எண்ணெய் போன்ற திரவத்தை நைட்ரிக் அமிலத்தோடும் கந்தக அமிலத்தோடும் படிப்படியாக வினைபுரிய வைத்தால் கிடைப்பது டி.என்.டி. அதிலுள்ள வேண்டாத கலப்புகளை நீக்க, சோடியம் சல்பைட் கரைசலால் கழுவ வேண்டும். கழுவிய நீர் ரத்தச் சிவப்பாக ஓடும். தொழிலாளிகள் அதைச் 'சிவப்புத் தண்ணீர்' என்றார்கள். டி.என்.டி. கரைந்த சாதாரண நீரோ முதலில் தெளிவாகத்தான் இருக்கும். வெயில் பட்டதும் இளஞ்சிவப்பாக மாறும். இந்தக் கழிவுநீர் மரக் குழாய்களில் ஓடியது. மரம் ஊறியது, இணைப்புகள் கசிந்தன, மண் குடித்தது. அடியில் இருப்பதோ விரிசலும் பொந்துமான சுண்ணாம்புப் பாறை. ஓரிடத்தில் இறங்கிய நீர் தொலைவில் ஊற்றாக வெளிப்படும்.

தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. முதல் உலகப் போரிலேயே பிரிட்டிஷ் ஆலைகளில் டி.என்.டி.யைக் கையாண்ட பெண்களின் தோல் மஞ்சளித்தது. 'கேனரிப் பெண்கள்' என்று ஊர் அவர்களை அழைத்தது. கல்லீரல் கெட்டு இறந்தவர்களும் உண்டு. கால் நூற்றாண்டு முன்பே தெரிந்த நஞ்சு இது.

போர் முடிந்ததும் நிலம் உரியவர்களிடம் திரும்பவில்லை. 1957 முதல் 1966 வரை அதே வளாகத்தில் அணுசக்தி ஆணையத்துக்காக மாலின்க்ராட் நிறுவனம் யுரேனியம் சுத்திகரித்தது. வெடிமருந்துக் கழிவின் மேல் கதிரியக்கக் கழிவு சேர்ந்தது. அருகிலிருந்த கைவிடப்பட்ட கல்குவாரிக்குள் முதலில் ராணுவம் டி.என்.டி. கழிவைக் கொட்டியது, பின்னால் யுரேனிய ஆலைகளின் இடிபாடுகள் வந்து விழுந்தன. அந்தக் குவாரியிலிருந்து அரை மைல் தூரத்தில் இருந்தவை, செயின்ட் சார்லஸ் கவுண்டி மக்களின் குடிநீர்க் கிணறுகள்!

வியட்நாம் போருக்கான களைக்கொல்லியை அங்கே தயாரிக்க ராணுவம் திட்டமிட்டு, 1969-இல் கைவிட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் துருப்பிடித்த கட்டடங்கள் அப்படியே நின்றன. பக்கத்திலேயே ஒரு உயர்நிலைப் பள்ளி நடந்துகொண்டிருந்தது.

1980-களில்தான் துப்புரவுப் பணி சூடு பிடித்தது. தோண்டிய மண், இடிபாடு, சேறு அனைத்தையும் 41 ஏக்கரில் குவித்து, களிமண்ணும் பாறையும் போட்டு மூடினார்கள். 2001-இல் வேலை முடிந்தது. 75 அடி உயரக் கல்மேடு. படியேறி உச்சிக்குப் போகலாம். தினமும் மக்கள் போகிறார்கள்.

ஹாம்பர்க் என்ற பெயர் இன்று அங்குள்ள ஒரு நடைபாதைக்கு மிஞ்சியிருக்கிறது. மேட்டைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் இன்னமும் நீரெடுத்துப் பரிசோதிக்கிறார்கள்.

(தொடரும்)