இந்தியாவில் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்: ஒரு சராசரியை எப்படிப் படிப்பது?

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் இந்தியாவில் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விடை 6.19 விழுக்காடு. 2014 முதல் 2016 வரை நடந்த முதல் தேசிய மருந்து எதிர்ப்புக் கணக்கெடுப்பின் முடிவு இது. காசநோயின் முதன்மை மருந்துகளான ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டுக்குமே கட்டுப்படாத, அதாவது பன்மருந்து எதிர்ப்பு உள்ள நோயாளிகளின் பங்கை இது குறிக்கிறது. கணக்கெடுப்பின் நேர்மையில் ஐயமில்லை. அதன் சராசரியை நாட்டின் நிலவரமாகக் கொள்வதையே இக்கட்டுரை மறுக்கிறது.

புதிய நோயாளிகளில் 2.84 விழுக்காடு, முன்பே சிகிச்சை பெற்றவர்களில் (மறுசிகிச்சைக்காரர்கள்) 11.62 விழுக்காடு என்று அதே அறிக்கை பிரித்துக் காட்டுகிறது. இவை இரண்டும் சேர்ந்து 6.19 ஆக வேண்டுமானால், சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் மறுசிகிச்சைக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர்தான் மறுசிகிச்சைக்காரர் என்று வைத்துக்கொண்டால், சராசரி 4.6 ஆக இறங்கிவிடுகிறது.

இந்த இறக்கம் ஆறுதல் தருவதல்ல. அந்த மாவட்டத்தின் 100 நோயாளிகளில் பன்மருந்து எதிர்ப்பு உள்ளவர்களைப் பாருங்கள்: 80 புதியவர்களில் 2.27 பேர், 20 மறுசிகிச்சைக்காரர்களில் 2.32 பேர். ஏறக்குறைய சரிபாதி! மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களால் வரும் நோய் என்று நாம் சொல்லிப் பழகியதில், பாதிப் பேர் அதற்கு முன் ஒரு மாத்திரைகூட விழுங்காதவர்களாக இருக்கலாம். முந்தைய தனியார் சிகிச்சையை மறைத்தவர்கள் சிலர் இவர்களுள் இருக்கக்கூடும். மற்றவர்களுக்கு எதிர்ப்புக் கிருமியே நேராகத் தொற்றியிருக்கிறது. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது அறிவியலும் அல்ல, அறமும் அல்ல.

கணக்கெடுப்பின் மாதிரிகள் அரசு நுண்ணோக்கி மையங்களில் சளியில் கிருமி தென்பட்டவர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. தனியார் மருத்துவரிடமே நின்றுவிட்டவர்கள் அதில் இல்லை. மும்பை தாராவியில் 106 தனியார் மருத்துவர்கள் 63 விதமான மருந்துச்சீட்டுகளை எழுதினார்கள், சரியாக எழுதியவர்கள் 6 பேர்தான் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. எதிர்ப்பு விளைவதற்கு இதைவிடத் தோதான இடம் வேறில்லை.

2022இல் இந்தியாவில் 1,10,000 பேருக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்புக் காசநோய் புதிதாக ஏற்பட்டிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவ்வாண்டு கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 64,000 பேர். எஞ்சியவர்களின் இருமல் எந்தக் கணக்கிலும் ஏறாமல் வீட்டிலும் பேருந்திலும் பரவுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சளி சிபிநாட் என்ற மரபணுச் சோதனைக் கருவிக்குப் போகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை கிடைக்கிறது. ‘ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை’ என்று சீட்டு வந்தால் நோயாளியும் ஊழியரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் அச்சோதனை ஐசோனியசிட்டைப் பார்ப்பதே இல்லை. புதிய நோயாளிகளிலேயே 11.06 விழுக்காட்டினருக்கு ஐசோனியசிட் எதிர்ப்பு இருந்ததாக அதே தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதே புதியவர்களிடம் காணப்பட்ட பன்மருந்து எதிர்ப்பைப் போல இது ஏறத்தாழ நான்கு மடங்கு. விவாதங்களிலோ இது பேசப்படுவதே அரிது.

ஆகவே அடுத்த தேசியக் கணக்கெடுப்பு தனியார் மருத்துவமனைகளையும் உள்ளடக்க வேண்டும். புதியவர், மறுசிகிச்சைக்காரர் என்ற இரு எண்களையும் ஒரே சராசரியாகக் குழைத்து முன்னிறுத்தாமல் தனித்தனியே முன்வைக்க வேண்டும். அதுவரை காத்திராமல், முதல் சளி மாதிரியிலேயே ஐசோனியசிட் எதிர்ப்பையும் ஒவ்வொரு நோயாளிக்கும் சோதிக்க மாநில அரசுகள் முன்வர வேண்டும்.