கிறிஸ்டல் பாய்ச்சலும் 1983 கொலராடோ வெள்ளமும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் கொலராடோ ஆறு பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் இடங்களுள் ஒன்று கிறிஸ்டல். இன்று ரப்பர் படகில் செல்வோர் மிகவும் அஞ்சும் இவ்விடம், 1966 வரை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத சிறு பாய்ச்சலாகவே இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெய்த பெருமழையில் கிறிஸ்டல் ஓடை பாறைகளையும் சேற்றையும் அடித்து வந்து ஆற்றில் கொட்டியது. ஆற்றின் அகலம் அங்கே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறுகியது.

இத்தகைய அடைப்பைப் பனி உருகிவரும் ஆண்டு வெள்ளம் சிறிது சிறிதாக அகற்றுவதே ஆற்றின் இயல்பு. 1957இல்கூட வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் வந்தது. ஆனால் மேலே உள்ள கிளென் கேன்யன் அணை 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கியதும் அந்த வெள்ளம் நின்றுபோனது. மின்நிலையம் வழியே வந்த நீர் பெரும்பாலும் 30,000 கன அடியைத் தாண்டவில்லை. பாறைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. அணை வந்ததால் ஆறு பாதுகாப்பாகிவிட்டது என்பது பாதி உண்மைதான்.

1983இல் ராக்கி மலைகளில் பருவம் தப்பிப் பெய்த பனி ஜூனில் வேகமாக உருகியது. நிரம்பிய அணையின் மதகுகள் மேல் ஒட்டுப்பலகைகளை நிறுத்தி நீரைத் தடுக்க வேண்டிய நிலை. திறப்பு 70,000 கன அடியை எட்டியபோது, குறுகலில் வேகமெடுத்த நீர் அதைத் தாண்டியதும் சட்டென வேகம் குறைந்து, சுவர்போல் எழுந்து பின்னோக்கி மடங்கியது. அந்த அலையின் உயரம் ஏறக்குறைய 20 அடி. முப்பது அடிக்கும் மேல் நீளமுள்ள மோட்டார் ரப்பர் படகுகளே அதில் கவிழ்ந்தன. பயணி ஒருவர் இறந்தார். அதன்பின் பயணிகளை இறக்கி, அந்த இடத்தைக் கரைவழியே நடந்து கடக்கச் செய்தனர். பள்ளத்தாக்கில் ஏற்கெனவே பயணத்தில் இருந்த குழுக்களுக்கு ஹெலிகாப்டரிலிருந்து எச்சரிக்கைக் குறிப்புகள் போடப்பட்டன.

வியப்பு என்னவெனில், ஜூன் இறுதியில் திறப்பு 92,000 கன அடியைத் தொட்டபோது அலை வளரவில்லை, தணிந்தது. பெருகிய நீர் பாறைகளை உருட்டிச் சென்று குறுகலைச் சற்று அகலமாக்கியிருந்தது. இதை ஆராய்ந்தவர் புவியியலாளர் சூசன் கீஃபர். அவர் கணக்குப்படி, பள்ளத்தாக்கின் மற்ற பழைய பாய்ச்சல்களைப்போல் ஆற்றின் பாதி அகலத்துக்குக் கிறிஸ்டல் விரிய வேண்டுமானால் ஏறத்தாழ 4 லட்சம் கன அடி வெள்ளம் வேண்டும். சூழலியல் காரணங்களுக்காக 1996இல் அணையிலிருந்து வேண்டுமென்றே விடப்பட்ட வெள்ளம் 45,000 கன அடி மட்டுமே.